காலடியில் மண் உருவும் இடம்

சர்க்கரை டாக்டர் எழுதிக் கொடுத்த செருப்பை என் மகன் போன மாதம் வாங்கி வந்தான். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. கறுப்பு நிறம், மெத்தென்ற அடிப்பாகம், பின்னங்காலைப் பிடித்துக்கொள்ள ஒரு வார். செருப்பைத் தொடாமல் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். "என்னம்மா, புடிக்கலையா? கலர் மாத்தி எடுத்தாரட்டுமா?" என்றான். கலராம் கலர்! இந்தச் செருப்பை எனக்கு இவன் பிறப்பதற்கு முன்பிருந்தே தெரியும். இதை மற்றவர்கள் காலில் மாட்டிவிட்டுத்தான் நான் முதல் சம்பளம் வாங்கினேன். என் காலுக்கே ஒரு நாள் வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவர்களை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

எழுபதுகளில் செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் நர்சாக இருந்தேன். பெண்கள் வார்டு. அந்த நோயைப் பற்றி வெளியில் பேசியதெல்லாம் விரல் போவதையும் முகம் மாறுவதையும் பற்றித்தான். உள்ளே இருந்த எங்களுக்குத் தெரிந்த விஷயம் வேறு. அது முதலில் உணர்ச்சியை எடுத்துக்கொண்டு போய்விடும். கை சுடுவது தெரியாது, காலில் முள் ஏறியது தெரியாது. மருந்தில் நோய் அடங்கின பிறகும் போன உணர்ச்சி திரும்பி வராது. அதனால்தான் அந்தச் செருப்பு. மருத்துவமனையிலேயே காலை அளவெடுத்துச் செய்து கொடுப்பார்கள். தினமும் சாயங்காலம் ஒவ்வொருத்தி காலையும் என் மடியில் தூக்கி வைத்து, புண், கொப்புளம், கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்களுக்கு வலிக்காது என்பதால் அவர்களுக்காக நான் பார்த்துத் தேட வேண்டும். அதுதான் வேலை.

அந்த வார்டில் இருந்தவள்தான் கரையக்கா. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். வாயைத் திறந்தால் "எங்க கரைல" என்றுதான் ஆரம்பிப்பாள், அதனால் அந்தப் பெயர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். கறுத்த, நெடிய உடம்பு. குரல் கடற்கரையில் ஏலம் விட்டுப் பழகின குரல், மெதுவாகப் பேசத் தெரியாது. கல்யாணமாகி நோய் தெரிந்ததும் புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்கள்தான், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. தம்பி ஒருவன் மட்டும் எப்போதாவது கருவாட்டுப் பொட்டலத்தோடு வருவான். அதை வறுக்கிற அன்றைக்கு வார்டு முழுக்க நாறும், நான் திட்டுவேன். "மூக்க மூடிக்கினு ஒரு துண்டு துன்னு பாரு சிஸ்டர், அப்பால பேசு" என்பாள். தின்றும் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர்களுக்குள் ஒரு பேச்சு நடக்கும். யாருக்கு எந்த இடம் பிடிக்கும் என்று. எல்லோரும் இந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள்தான், ஆனால் பல வருஷமாக மதிலுக்கு வெளியே போகாதவர்கள். திருக்கழுக்குன்றத்துக்காரி ஒருத்தி, மலைக்குப் போகிற படியைச் சொல்வாள். உச்சியில் கழுகு வருவதைப் பார்க்கிற கூட்டத்தை விட்டுவிட்டு, பாதி வழியில் நிழல் விழுகிற படியில் உட்கார்ந்தால் கல் ஜில்லென்று இருக்குமாம். பாலாற்றங்கரைக்காரி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, முழங்கை வரை விட்டுத் தண்ணீர் ஊறுவதைத் தொட்டுப் பார்ப்பதைச் சொல்வாள். கோவளத்திலிருந்து வந்த பீபியம்மாவுக்குத் தர்காவின் பின்பக்கம். அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகத்தில் அடிக்கிற காற்று. செங்கல்பட்டுக்காரி நான், கொளவாய் ஏரிக்கரையில் ரயில் போகும்போது தரை அதிர்வதைச் சொல்வேன். யோசித்துப் பார்த்தால் ஒருத்தியும் ஒரு இடத்தை அழகு என்று சொன்னதில்லை. ஜில்லென்று இருக்கும், அதிரும், உறுத்தும் என்றுதான் சொன்னார்கள். உணர்ச்சி போன கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்கள். நான் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன்.

கரையக்காவின் இடம் அவள் குப்பத்துக் கரை வளைகிற ஓரம். அங்கே ஒரு சின்னக் கறுப்புப் பாறை இருக்குமாம். அதன் பக்கத்தில் கால் நனைய நிற்க வேண்டும். "அல வந்து மோதும் பாரு, அது பெரிசில்ல. திரும்பிப் போவுறப்ப காலடில இருந்து மண்ண உருவிக்கினு போவும். அப்பிடியே கூசும். பூமியே நம்ம காலுக்குக் கீழ இருந்து நழுவற மாதிரி கீது, ஆனா வுழ மாட்டோம். அதான் என் எடம்" என்பாள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தினமும் அங்கே கொஞ்ச நேரம் நிற்பாளாம். அம்மா கையால் அதற்காக அடி வாங்கியிருக்கிறாள். ஒரு தடவை அவள் காலை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னிடம் தனியாகச் சொன்னாள். "இந்த ஆஸ்பத்திரித் தர என் காலுக்குத் தெரியல, சரி. இது சிமெண்டு, இதுக்கும் எனக்கும் இன்னா ஒறவு? எங்க கர மண்ணு அப்பிடியில்ல சிஸ்டர். பொறந்ததுல இருந்து மிதிச்ச மண்ணு. அது என் காலுக்குத் தெரியாம பூடுமா? ஒரே ஒருக்கா நின்னு பாத்துடணும்." நரம்பு செத்தால் எந்த மண்ணும் தெரியாது என்று படித்தவள் நான். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டுக் காலைத் துடைத்தேன்.

அந்த வருஷம் கோடையில் அவள் தம்பி வந்தான். வழக்கமாக மர நிழலில் தள்ளி நிற்பவன், அன்றைக்கு நேராக வார்டு வாசலுக்கே வந்துவிட்டான். புதுக் கட்டுமரம் கட்டியிருக்கிறான். அவர்கள் குடும்பத்தில் புது மரம் கடலில் இறங்குமுன் கூடப் பிறந்தவள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அக்கா உயிரோடு இருக்கும்போது வேறு யார் கையாலும் ஊற்றமாட்டேன் என்று ஊரில் சண்டை போட்டிருக்கிறான். நோய் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஊர்த் தலைவரையும் சம்மதிக்க வைத்துவிட்டான். "வரச் சொல்லிட்டாங்க யக்கா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டான். கரையக்கா அழவில்லை. "மஞ்சா நல்லதா வாங்கு, கலப்படத்த வாங்கிடாத" என்றாள்.

பெரிய டாக்டர் சந்தோஷமாக அனுமதித்தார். ஒரே ஒரு நிபந்தனைதான். செருப்பு காலை விட்டு இறங்கக் கூடாது. துணைக்கு என்னை அனுப்பினார். என் பையில் பஞ்சு, பேண்டேஜ் துணி, களிம்பு எல்லாம் வைத்துக்கொண்டேன். அவள் முதல் நாளே தலை குளித்து, எங்கள் வார்டு ஆயாவிடம் கடன் வாங்கின பச்சைப் புடவையைத் தலைமாட்டில் மடித்து வைத்துக்கொண்டாள். செருப்பைக்கூடக் கழுவிக் காயவைத்திருந்தாள்.

காலை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டால் வெயிலுக்கு முன் சேர்ந்துவிடலாம் என்பது என் கணக்கு. அந்த பஸ் கண்டக்டர் அவள் கையைப் பார்த்தான், "எடம் இல்ல" என்றான். பாதி சீட் காலியாகக் கிடந்தது. நான் வெள்ளைப் புடவையில் நின்றுகொண்டு கத்தின கத்தலுக்குப் பலன், அவன் விசில் ஊதிவிட்டுப் போனதுதான். அடுத்த பஸ்ஸும் நிற்கவில்லை. அதற்கடுத்து வந்த கண்டக்டர் ஒரு பெரியவர். ஜன்னலோர சீட்டைக் காட்டினார். திருக்கழுக்குன்றம் தாண்டினதும் அவள் மூக்கை உயர்த்தி, "உப்புக் காத்து வருது" என்றாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. மாமல்லபுரத்தில் தம்பி மாட்டு வண்டியோடு காத்திருந்தான். குப்பத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் ஊரே நின்றிருந்தது. அதற்கு அப்பால் அகலமாக வெள்ளை மணல், அதற்கும் அப்பால் கடல். தண்ணீர் ஓரத்தில் புதுக் கட்டுமரம் மாலை போட்டு நின்றது. ஊர்த் தலைவர் முன்னால் வந்தார். "நல்லாக்கீறியா பொண்ணே?" என்று கேட்டார். "இந்த நோவு ஒட்டாதுன்னு ஒந்தம்பி சொல்லிக்கீறான். அதப் பத்தி எங்களுக்குப் பேச்சு இல்ல. நீ இந்த ஊருப் பொண்ணு, வா. செருப்ப மட்டும் இங்கியே வுட்டுட்டு வா." மரம் இறங்குகிற அந்தக் கரையில் யாரும் செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. அங்கே இருந்த ஒரு காலிலும் செருப்பு இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். "ஐயா, அவங்களுக்கு அது செருப்பு இல்ல, மருந்து மாதிரி. டாக்டர் கழட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "புரியுதும்மா. கலெக்டரு வந்தாலும் இங்க வெறுங்காலுதான். எங்க புள்ளைங்க கடலுக்குள்ள போயிட்டுத் திரும்பி வரணுமில்ல?" என்றார். அந்த ஊர் எத்தனையோ வருஷத்து பயத்தை விட்டுக்கொடுத்து அவளை வரவேற்க வந்து நிற்கிறது. மீதி வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான். அதற்குமேல் அவர்களை நான் என்ன கேட்பது?

வெயில் தாழட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்றார்கள். பையைத் திறந்து பேண்டேஜ் துணியை எடுத்தேன். காலில் தடிமனாகச் சுற்றிவிட்டால் செருப்பும் ஆகாது, சூடும் தாக்காது. கரையக்கா என் கையைத் தட்டிவிட்டாள். "கட்டு போட்டுக்கினு எறங்கனா புண்ணு கீதுன்னு நெனப்பாங்க. இத்தினி வருசமா அதத்தான நெனச்சிக்கினு இருந்தாங்க. என் காலு சுத்தமாக்கீது. பாக்கட்டும்." தம்பி, "நா தூக்கிக்கினு போறன் யக்கா" என்றான். "பொணத்தத் தூக்கு. நா நடந்து வருவன்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் பேசினாள். அவள் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "எனக்குத் தெரியும் சிஸ்டர். காலு வெந்துபூடும். தெரிஞ்சிதான் போறன். இதுக்கு மேல என்ன தடுக்காத." குனிந்து, மடங்கின விரல்களாலேயே வாரை நெம்பி, இரண்டு செருப்பையும் கழற்றி ஜோடியாகத் தோப்பு நிழலில் வைத்தாள். நானும் என் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மணலில் முதல் அடி வைத்ததும் எனக்கு உயிரே போயிற்று. அடுப்பிலிருந்து இறக்கின வறுசட்டியில் கால் வைத்தது போல இருந்தது. பிள்ளைகள் துள்ளிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். பழகின பெண்கள்கூடக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனார்கள். நான் குதித்தேன், நின்றேன், முந்தானையைக் கீழே போட்டு மிதித்தேன். கரையக்கா மட்டும் நிதானமாக நடந்தாள். தலை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் பார்த்து, தெரிந்தவர்களிடம் பேர் சொல்லிக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டு நடந்தாள். ஒரு கிழவியைப் பார்த்ததும் நின்றே விட்டாள். "அக்கா, நிக்காத, நடக்கா!" என்று நான் கத்தினேன். என் பக்கத்தில் போன ஒருத்தி இன்னொருத்தியிடம், "எப்பிடி நடக்குறா பாரேன், மகாராணி கணக்கா! சூடே ஒறைக்கல அவளுக்கு. கர மறக்காத காலுடி அது" என்று பெருமையாகச் சொன்னாள். எனக்கு வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது. என் காலில் சுட்ட சூடெல்லாம் அவள் காலையும் சுட்டுக்கொண்டிருந்தது. இருவருக்குமாகச் சேர்த்து நான் ஒருத்திதான் துடித்தேன்.

கட்டுமரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். குடத்தை விரலால் பிடிக்க முடியாது, இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு சொட்டு வீணாகாமல் ஊற்றினாள். ஆண்கள் குரல் கொடுத்துத் தள்ள, மரம் இறங்கிப் போயிற்று. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கரை வளைகிற பக்கம் நடந்தாள். கறுப்புப் பாறை இருந்தது. அவள் சொன்னதைவிடச் சின்னது. பக்கத்தில் போய்க் காலைச் சேர்த்து வைத்து நின்றாள். நானும் நின்றேன். தண்ணீர் பட்டதும் என் பாதம் ஆறிற்று. அந்த நேரத்தில் அது ஒரு பாவம் போல எனக்குத் தோன்றியது.

அலை வந்தது, போயிற்று. இன்னொன்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவதுக்குக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றாள். அலை திரும்பும்போது தடுமாறி விழப் பார்த்தாள், பிடித்துக்கொண்டேன். அப்புறம் கண்ணைத் திறந்து காலைப் பார்த்தாள். பாதம் இரண்டும் மணலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்துகொண்டிருந்தது.

"சிஸ்டர், மண்ணு உருவுதா?"

"உருவுதுக்கா."

"வேகமாவா, மெதுவாவா?"

"அலை திரும்புறப்ப வேகமா. கடைசில மெதுவா. குதிகாலுக்குக் கீழ குழி விழுது. விரலுக்கு நடுவுல கூசுது."

"ம். அப்பிடித்தான் இருக்கும்." காலைப் பார்த்துக்கொண்டே, "எனக்குக் கண்ணுக்குத் தெரியுது. அவ்ளோதான்" என்றாள். அடுத்த அலை வந்தது. "சொல்லு" என்றாள். நான் சொன்னேன். அதற்கடுத்த அலைக்கும் சொன்னேன். தம்பி வந்து கூப்பிடும் வரை ஒவ்வொரு அலையையும் அவளுக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் காலை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். அடிப்பாதம் முழுக்கக் கொப்புளம். அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. களிம்பு தடவிக் கட்டினேன். எதிர்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போய்விட்டார்கள். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தம்பி மரத்துக்கு நல்ல மாலையாக வாங்கிப் போடவில்லை என்று குறைபட்டுக்கொண்டே வந்தாள். பெரிய டாக்டர் என்னைத் திட்டுவார் என்று பயந்தேன். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நடந்ததைக் கேட்டுவிட்டு, தானே மருந்து வைத்துத் திரும்பக் கட்டினார். கொப்புளம் புண்ணாயிற்று, புண் எலும்பு வரை போயிற்று. ஆனதெல்லாம் செய்தோம். மழைக்காலம் முடிவதற்குள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. நான் அவள் கட்டில் பக்கத்தில் நின்று அழுதபோது எரிச்சல் பட்டாள். "எதுக்கு அழுவுற? அந்தக் காலு இருந்து இன்னா பிரயோசனம், அதுக்குத்தான் ஒண்ணுந் தெரியலியே" என்றாள்.

அப்புறமும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நடந்தது. அவள் முறை வந்தபோது நான் பயந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். "அல திரும்புறப்ப வேகமா போவும். கடசீல மெதுவா. குதிகாலுக்குக் கீழ குழி வுழும். வெரலுக்கு நடுவுல கூசும்" என்றாள். எல்லாம் நான் சொன்ன வார்த்தை. பூமி நழுவுகிற அவளுடைய பழைய பேச்சு அதில் இல்லை. பீபியம்மா, "ஆமா, ஆமா" என்று தலையாட்டினாள். நான் எழுந்து போகவில்லை, அன்றைக்கு உட்கார்ந்தே கேட்டேன். கல்யாணமாகி வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு நான் போனபின், சில வருஷத்தில் அவள் இறந்துவிட்டதாக ஆயா சொல்லித் தெரிந்தது. தம்பிதான் வந்து எல்லாம் செய்தானாம்.

போன வாரம் மகனும் மருமகளும் என்னை மாமல்லபுரம் கூட்டிப்போனார்கள். கரையெல்லாம் கடை, கூட்டம், குதிரை சவாரி. சாயங்காலம், மணல் ஆறியிருந்தது. இந்தக் கறுப்புச் செருப்பு தண்ணீர் ஓரம் வரை வந்தது. அங்கே வாரை அவிழ்த்து இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். "அத்தை, டாக்டர் என்ன சொன்னார்? போடுங்க முதல்ல" என்று மருமகள் பதறினாள். கொஞ்ச நேரம்தான் என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலை வந்து கால் மேல் ஏறினது கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பிப் போயிற்று. இன்னொன்று வந்தது. நான் கண்ணை மூடிப் பார்த்தேன், திறந்து பார்த்தேன். பாதம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, யாருடைய பாதமோ போல.

"மண்ணு உருவுதாம்மா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "உருவுது அத்தை. ஏன், உங்களுக்குத் தெரியலையா?"

அடுத்த அலை வந்துகொண்டிருந்தது. "சொல்லு" என்றேன்.